செட்டிநாட்டுப் பழைய வீட்ல எட்டுக்கால் பூச்சிய விஷ மருந்து அடிக்காம ஒழிக்கிறது எப்படி? புதுசா வீடு திறக்கிறவங்களுக்கு

இதை யாருக்காக எழுதுறேன்னா, வருஷக்கணக்கா பூட்டிக் கிடந்த பெரிய வீட்டைத் திறந்து திரும்பக் குடி வர்றவங்க, கல்யாணம், சாந்தி, படைப்புன்னு ஏதாவது விசேஷத்துக்காக வீட்டைத் திறக்கிறவங்க, அப்புறம் சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்), அழகப்பா யுனிவர்சிட்டின்னு காரைக்குடி பக்கம் வேலைக்கு வந்து பழைய வீட்ல ஒரு பகுதிய வாடகைக்குப் பிடிச்சவங்க. நெட்ல தேடுனா எல்லாம் அபார்ட்மெண்ட் வீட்டுக்கு எழுதுன டிப்ஸ்தான் வருது, வினிகர் அடி, எலுமிச்சை தேய்ன்னு, அதை அப்படியே நம்ம பக்கத்து வீட்ல செஞ்சா பூச்சி போகுதோ இல்லையோ சுவரும் தரையும் போயிரும். எங்க குடும்பம் இதுல நல்லா அலைஞ்சு, காசும் விட்டு, கடைசில ஒரு முறைக்கு வந்திருக்கோம். நீங்க அந்த அலைச்சல் படவேண்டாம்.

விஷ மருந்து ஏன் வேண்டாம்னு மட்டும் சுருக்கமா சொல்லிடுறேன். ஒண்ணு, மழைத் தண்ணி ஓட்டுல விழுந்து வளவு முற்றத்துல (வீட்டு நடுவுல மேல திறந்திருக்கிற முற்றம்) இறங்குது, பல வீட்ல இன்னமும் அதைப் பிடிச்சு அண்டாவுல நிரப்புறாங்க, இல்லன்னா அது கிணத்துக்குப் போகுது, அதனால கூரையிலயும் முற்றத்துலயும் அடிக்கிறது திரும்ப உங்க குடத்துக்குத்தான் வரும். ரெண்டாவது, எட்டுக்கால் பூச்சிக்கு இந்த ஸ்ப்ரே அவ்வளவா வேலை செய்யாது. கரப்பான் தரையோட ஒட்டி ஓடும், மீசையையும் காலையும் வாயில வச்சு சுத்தம் பண்ணும், மருந்து உள்ள போயிரும். எட்டுக்கால் பூச்சி உடம்பைத் தூக்கிக்கிட்டு கால் நுனியில நடக்குது, பாதி நேரம் வலையிலயே தொங்குது, சுவத்துல காஞ்சு கிடக்கிற மருந்து அதுமேல எங்க ஒட்டும்? பூனை வளக்குறவங்க இன்னும் ஜாக்கிரதையா இருக்கணும், இந்த ஸ்ப்ரேல வர்ற பல மருந்து பூனைக்கு ஆகவே ஆகாது.

1. மொதல்ல என்ன பூச்சின்னு பாருங்க

எல்லாத்தையும் அடிக்கத் தேவையில்லை. நம்ம வீடுகள்ல பெரும்பாலும் இருக்கிறது மூணு நாலு வகைதான்.

பட்டாலை (முற்றத்தை ஒட்டின கூடம்) மூலையில, உத்தரத்துக்கும் சுவருக்கும் நடுவுல, நூல் நூலா காலோட தொங்குறது ஒண்ணு. உடம்பு அரிசி அளவுதான் இருக்கும், கால் மட்டும் நீளம். கம்பு பட்டா ஓடாது, வலையோட சேர்ந்து கிடுகிடுன்னு ஆடும், ஆடுற வேகத்துல உருவமே தெரியாது. டார்ச் அடிச்சு கிட்டப் போய்ப் பாத்தீங்கன்னா சிலது வாயில சின்னதா ஒரு உருண்டைய கவ்விக்கிட்டு இருக்கும், அதுதான் முட்டை, பொட்டைப் பூச்சி பொரியிற வரைக்கும் அதைக் கீழ வைக்காம வாயிலயே வச்சிருக்கும். நம்ம வீட்டு ஒட்டடையில முக்கால்வாசி இந்த வகை கட்டுறதுதான். மனுசனுக்கு ஒரு கெடுதலும் பண்ணாது, ஆனா விட்டா வீட்டையே போர்த்திடும்.

உள்ளங்கை அகலத்துல, பழுப்பா, சுவத்துல தட்டையா ஒட்டிக்கிட்டு இருக்கிறது இன்னொண்ணு. இதைப் பாத்துத்தான் எல்லாரும் கத்துறது. இது வலையே கட்டாது, ராத்திரி கரப்பானை வேட்டையாடும். வயித்துக்குக் கீழ வெள்ளையா வட்டமா தட்டையா ஒண்ணை வச்சிருந்தா அது முட்டைப் பை, அதை மட்டும் வீட்டுக்குள்ள விடாதீங்க, உள்ள நூத்துக்கணக்குல குஞ்சு இருக்கும். வாய் அகலமான டப்பாவை மேல கவுத்து, அடியில அட்டைய சொருகி, கொண்டுபோய் தோட்டத்துல விட்டுருங்க.

ஜன்னல்ல பகல்ல துள்ளித் துள்ளிப் போற குட்டிப் பூச்சிய விட்டுருங்க. அது ஈயும் கொசுவும் பிடிக்குது, ஒட்டடை போடுறதில்லை. பல்லியையும் விட்டுருங்க, பல்லி எட்டுக்கால் பூச்சியத் திங்கும்.

மாடியில பெரிய தேன்கூடோ கதண்டு (பெரிய விஷக் குளவி) கூடோ இருந்தா அதுகிட்ட ஒட்டடைக் கம்போட போகவே போகாதீங்க. கதண்டு கூட்டமா கொட்டுனா உயிருக்கே ஆபத்து. தீயணைப்பு நிலையத்துக்கு 101 போட்டு சொல்லுங்க, கதண்டுக் கூட்டை அவங்க வந்து எடுப்பாங்க. அந்த வேலை முடியாம அடுத்த படிக்குப் போக வேண்டாம்.

2. சாவி, பங்காளி, பேப்பர்

வெளியூர்லேர்ந்து வர்ற புது ஆளுங்க தடுக்கி விழுறது இங்கதான். வீடு ஒண்ணு, ஆனா உள்ள ஒவ்வொரு அறையும் ஒவ்வொரு புள்ளிக்கு, அதாவது பங்காளிகள்ல கல்யாணமான ஒவ்வொரு குடும்பத்துக்கு. உங்க அறைய மட்டும் சுத்தம் பண்ணிட்டு பக்கத்துப் பூட்டுன அறைய விட்டீங்கன்னா கொஞ்ச நாள்ல கதவிடுக்கு வழியா எல்லாம் திரும்ப வந்துரும். அதனால எல்லா அறையும் ஒரே தடவையில திறக்கணும், அதுக்கு எல்லாரும் சம்மதிக்கணும்.

பங்காளிகள் வாட்ஸ்அப் குரூப்ல ஒரு மெசேஜ் போடுங்க, போன்ல வாய்வார்த்தையா பேசி விட்டுறாதீங்க, பின்னாடி "எங்க அறைய யாரு திறந்தா"ன்னு ஒரு கேள்வி வந்தா எழுத்துல இருக்கணும். மெசேஜ்ல எந்தத் தேதி, யாரு முன்னாடி நிப்பாங்க, எந்தெந்த அறை, செலவு எவ்வளவு, ஒரு புள்ளிக்கு எவ்வளவு பங்குன்னு போட்டு, ஒவ்வொருத்தரும் "சரி"ன்னு பதில் போடுற வரைக்கும் காத்திருங்க. சிங்கப்பூர், மலேசியாவுல இருக்கிறவங்க பதில் போட நாள் ஆகும், சாவி சென்னையில ஒருத்தர்கிட்ட, கோயமுத்தூர்ல ஒருத்தர்கிட்ட இருக்கும், கொரியர்ல வரணும். அதுக்கே ஒரு மாசம் ஒதுக்குங்க, உண்மையாவே ஆகும்.

தேவையான பேப்பர் இவ்வளவுதான்:

ஒவ்வொரு அறைக்கும் சாமான் லிஸ்ட். திறந்த உடனே, எதையும் நகத்துறதுக்கு முன்னாடி, நாலு மூலையையும் போட்டோ எடுத்து குரூப்ல போட்டுருங்க. வெண்கலம், எவர்சில்வர், மங்குச் சாமான்னு அடுக்கி இருக்கும், ஒண்ணு குறைஞ்சாலும் மனஸ்தாபம் ஆயிரும்.

வேலைக்கு வர்றவங்க பேரு, போன் நம்பர், ஆதார் நகல். தெரிஞ்ச ஆளா இருந்தாலும் வாங்கி வச்சுக்கோங்க, அது அவங்களுக்கும் பாதுகாப்பு.

ஏஜென்சியக் கூப்பிடுறதா இருந்தா ஒரு வெள்ளைத்தாள்ல "பூச்சி மருந்து, ஆசிட், மண்ணெண்ணெய் எதுவும் பயன்படுத்தக் கூடாது"ன்னு எழுதி கையெழுத்து வாங்குங்க. எங்க வீட்டுக்கு வந்த ஒரு ஏஜென்சி ஆளுங்க "ஹெர்பல் சார், ஒண்ணும் பண்ணாது"ன்னு சொல்லிட்டு, நாங்க இரண்டாங்கட்டுல (வளவுக்குப் பின்னாடி இருக்கிற பகுதி) இருந்த நேரத்துல முகப்புல எதையோ அடிச்சு விட்டாங்க, ஆத்தங்குடிக் கல்லுத் தரையில வட்ட வட்டமா பளபளப்பு போயி நிக்குது, இன்னைக்கும் அப்படியேதான் இருக்கு. ஹெர்பல்னு சொன்னா டப்பாவைக் காட்டச் சொல்லுங்க. 1968 பூச்சிக்கொல்லிச் சட்டப்படி விக்கிற பூச்சி மருந்துல பதிவு நம்பர் இருக்கணும், லேபிள்ல ஒரு கட்டம் இருக்கும், அதுல கலர் முக்கோணம் இருக்கும். சிவப்புன்னா கொடிய விஷம், அடுத்து மஞ்சள், அடுத்து நீலம், பச்சைன்னா கம்மி. பச்சை முக்கோணம் இருந்தாலும் அது விஷ மருந்துதான், செடி கொடிச் சாறு இல்லை. லேபிள் இல்லாத பாட்டில்ல ஊத்திக் கொண்டு வந்தா வாசலோட அனுப்பிருங்க.

வாடகைக்கு இருக்கிறவங்க, வீட்டுக்காரங்ககிட்ட கேக்காம ஆணி அடிச்சு கொசுவலை மாட்டாதீங்க. பர்மா தேக்கு நிலையில ஆணி இறக்கிட்டா அட்வான்ஸ்ல பிடிப்பாங்க, பிடிக்கிறது நியாயமும்கூட.

3. எப்ப செய்யணும்

மழை முடிஞ்சு சுவரு காஞ்சதும், அதாவது தை கடைசி, மாசி. ஐப்பசி, கார்த்திகை மழையில ஈசலும் மத்த பூச்சியும் பெருகி, அதைத் தின்னு எட்டுக்கால் பூச்சியும் பெருகி இருக்கும், அந்தக் கூட்டத்தை இந்த நேரத்துல வாரிட்டா வருஷம் முழுக்க வேலை பாதி. ஈரச் சுவத்துல ஒட்டடை அடிச்சா கறுப்பா இழுகிரும், அதனால மழைக்காலத்துல பெரிய வேலை வைக்காதீங்க. ஆடிக் காத்துலயும் வேண்டாம், ஒரு பக்கம் அடிக்க அடிக்க முற்றம் வழியா புழுதி உள்ள வந்துக்கிட்டே இருக்கும். புரட்டாசி கடைசில, மழைக்கு முன்னாடி, சின்னதா ஒரு தடவை.

தை, மாசில கல்யாண முகூர்த்தம் நெறைய, வேலைக்கு ஆள் கிடைக்கிறது கஷ்டம். மூணு வாரம் முன்னாடியே சொல்லி வச்சுருங்க. செவ்வாய், வெள்ளில ஒட்டடை அடிக்க மாட்டோம்பாங்க, அதுல வாக்குவாதம் பண்ணாதீங்க, புதன், வியாழன்னு சேர்ந்தாப்புல ரெண்டு நாள் வர்ற மாதிரி வச்சுக்கோங்க. சாமி வீட்டை எங்க குடும்பத்துல நாங்களேதான் சுத்தம் பண்றோம், வெளி ஆளை விடுறதில்லை. உங்க வீட்டு வழக்கம் என்னன்னு வயசான ஆச்சி யாராவது இருந்தா முன்கூட்டியே கேட்டுக்கோங்க.

4. சாமானும் செலவும்

கடைசியா செஞ்சப்ப எங்களுக்கு ஆனதை வச்சு சொல்றேன், ஊருக்கு ஊரு கூடக் குறைய இருக்கும்.

நீட்டி மடக்குற அலுமினியக் கம்பு, தலையில உருண்டை பிரஷ்ஷோட, 1,500 ரூபாய்கிட்ட. சாதா 300 ரூபாய்க் கம்பு பட்டாலை உயரத்துக்கு எட்டாது, அதை வாங்கிக் காசை வீணாக்காதீங்க. மூங்கில் கம்புல தென்னை நார் பிரஷ்ஷைக் கட்டிக்கிட்டாலும் போதும், அது 200க்குள்ள முடிஞ்சிரும், கொஞ்சம் கனமா இருக்கும்.

பழைய பருத்தி வேட்டி, நாலஞ்சு. இது ரொம்ப முக்கியம், ஏன்னு கீழ சொல்றேன்.

பெயிண்ட் அடிக்கிற ஒரு இஞ்ச் பிரஷ், புதுசா ரெண்டு மூணு. நிலைக்கதவு வேலைப்பாட்டுக்கு.

என்95 மாஸ்க், கண்ணாடி, தலைக்குத் துண்டு. ஆளுக்கு 100, 150 ஆகும். வேலை செய்ய வர்றவங்களுக்கும் நீங்கதான் வாங்கிக் கொடுக்கணும், "பரவால்லண்ணே, துண்டு கட்டிக்கிறோம்"பாங்க, விடாதீங்க, பழைய சுண்ணாம்புத் தூசி நெஞ்சுக்கு ஆகாது.

ஆள் கூலி ஒரு நாளைக்கு 700லேர்ந்து 900, டீ, சாப்பாடு தனி. ரெண்டு கட்டு வீட்டுக்கு மூணு பேரு ரெண்டு நாள் வேணும். சாரம் கட்ட வேண்டிய உயரமா இருந்தா அதுக்குத் தனி வாடகை. இரும்பு ஏணி போட்டா அடியில சாக்கோ பழைய டயர்த் துண்டோ கட்டாம ஆத்தங்குடிக் கல்லு மேல வைக்க விடாதீங்க, கீறல் விழுந்தா போகாது.

மொத்தத்துல 8,000லேர்ந்து 10,000க்குள்ள முடிச்சிரலாம். ஏஜென்சி கேக்குறது இதைவிட அதிகம், அடுத்த வருஷம் திரும்பவும் கேப்பாங்க.

5. ஒட்டடை அடிக்கிற முறை

மொதல்ல மெயின் ஸ்விட்சை அணைங்க. பழைய வயரிங், ஃபேன் கம்பிக்கு மேல எல்லாம் வலைதான் இருக்கும், அலுமினியக் கம்பு கரண்ட்டைக் கடத்தும். பகல் வெளிச்சம் முற்றத்துலேர்ந்து போதுமான அளவு வரும், உள் அறைக்கு டார்ச் வச்சுக்கோங்க.

மாடி முடிச்சுட்டுத்தான் கீழ. கீழயும் பின்கட்டுலேர்ந்து ஆரம்பிச்சு இரண்டாங்கட்டு, வளவு, பட்டாலை, முகப்பு, கடைசில திண்ணைன்னு வாசலைப் பாத்து வரணும். எதிர்த் திசையில போனா வாசல்ல கிடந்ததெல்லாம் பின்கட்டு இருட்டுக்குள்ள ஓடி ஒளிஞ்சுக்கும், அங்க விறகும் பழைய சாக்கும் கிடக்கும், அப்புறம் பிடிக்கவே முடியாது.

இப்ப அந்த வேட்டி. வேட்டிய கிழிச்சு தண்ணியில நனைச்சு, சொட்டுச் சொட்டா இல்லாம நல்லா முறுக்கிப் பிழிஞ்சு, பிரஷ் மேல சுத்திக் கட்டுங்க. கம்பை இங்கயும் அங்கயும் வீசி அடிக்காதீங்க. மூலையில வச்சு மெதுவா ஒரே பக்கமா திருப்புங்க, முறுக்கு பிழியிற மாதிரி, வலை அப்படியே துணியில சுத்திக்கிட்டு வந்துரும். வீசி அடிச்சா வலை அறுந்து பாதி சுவத்துல ஒட்டும், முட்டைப் பை தெறிச்சு எங்கயாவது விழும், அது அங்க கிடந்தே பொரிஞ்சிரும். நம்ம முட்டைச் சுண்ணாம்புச் சுவரு (முட்டை வெள்ளைக்கரு சேத்துப் பூசுன சுவரு) கண்ணாடி மாதிரி வழுவழுன்னு இருக்கிறதால ஒரு தடவை கறுப்பா இழுகிட்டா அதை எடுக்குறது பெரும்பாடு. துணி ஈரம் அதிகமா இருந்தாலும் இழுகும், அதனாலதான் பிழியச் சொல்றேன். துணி நிறைஞ்சதும் கழட்டி ஒரு வாளி சோப்புத் தண்ணியில அமுக்கிருங்க, பூச்சி, முட்டை எல்லாம் அதோட முடிஞ்சிரும்.

படத்துக்குப் பின்னாடி பாருங்க. சுவத்துல சாஞ்ச மாதிரி மாட்டியிருக்கிற பெரிய சாமி படம், ஐயா, ஆச்சி போட்டோ, பெல்ஜியம் கண்ணாடி, இதுக்கெல்லாம் பின்னாடிதான் பஞ்சு மாதிரி வெள்ளையா முட்டைப் பை ஒட்டியிருக்கும். ரெண்டு பேரு பிடிச்சு இறக்கி, பின்பக்கம் காஞ்ச பிரஷ்ஷால தட்டி எடுத்துட்டு மாட்டுங்க. சரவிளக்கை கம்பால தொடாதீங்க, கையாலதான், ஏணி போட்டு.

நிலைக்கதவு வேலைப்பாடு, தூண் போதிகை (தூண் தலையில உத்தரத்தைத் தாங்குற கட்டை), இதெல்லாம் பெயிண்ட் பிரஷ் மட்டும், தண்ணி கூடாது. யாளி வாய்க்குள்ள, பூவோட இதழுக்குப் பின்னாடி பிரஷ் நுனிய விட்டுத் திருப்புங்க. அங்க மண் கூடு மாதிரி ஒட்டியிருந்தா அது குளவிக் கூடு, காஞ்சிருந்தா கத்தி முதுகால மெதுவா நெம்பி எடுத்துருங்க. உடைச்சுப் பாத்தா சிலதுக்குள்ள குட்டிக் குட்டி எட்டுக்கால் பூச்சியா அடைச்சு வச்சிருக்கும், குளவி தன் குஞ்சுக்குத் தீனியா கொட்டி மயக்கிக் கொண்டாந்து வைக்கிறது. நம்ம வேலைய அது பாதி செஞ்சிருக்கு, அதனால யாரும் உக்காராத பின்பக்கத்துல ஒண்ணு ரெண்டு கூடு இருந்தா நான் எடுக்குறதில்லை.

மாடியில வௌவால் இருந்திருந்தா அந்தப் புழுக்கைய காஞ்ச துடைப்பத்தால கூட்டாதீங்க. தண்ணி தெளிச்சு நனைய விட்டு, மாஸ்க்கோட அள்ளுங்க, தூசியா மூக்குல ஏறுனா நுரையீரல்ல பூஞ்சைத் தொற்று வர வாய்ப்பு இருக்கு.

6. இதையெல்லாம் செய்யாதீங்க

வினிகர், எலுமிச்சைச் சாறு. நம்ம சுவரு சுண்ணாம்பு, ஆத்தங்குடிக் கல்லு சிமெண்ட்டுல கலர் பொடி கலந்து கையால வார்க்குறது, சூளையில சுட்டது கிடையாது. ரெண்டுமே புளிப்பு பட்டா அரிச்சிரும், பளபளப்பு போயி வெளுத்துப் போகும். தரைக்கு வெறும் தண்ணி, வேணும்னா துடைச்ச பிறகு துணியில ரெண்டு சொட்டு தேங்காய் எண்ணெய், அவ்வளவுதான். பாத்ரூம் கழுவுற ஆசிட்டை முற்றத்துப் பக்கமே கொண்டு வர விடாதீங்க.

பந்தம் கொளுத்தி வலைய எரிக்கிறது. இன்னமும் சிலர் செய்றாங்க. மேல இருக்கிறது பூரா நூறு வருஷம் காஞ்ச தேக்கு, ஒரு பொறி போதும்.

மண்ணெண்ணெய் துடைக்கிறது. மரத்துல கறை, வீடெல்லாம் நாத்தம், தீப்பிடிக்கிற பயம் வேற.

நாப்தலின் உருண்டை. மருந்தில்லாத வழின்னு நினைச்சு மூலைக்கு மூலை போடுறாங்க, அதுவே விஷம்தான், சின்னப் புள்ளைங்க வாயில போட்டுட்டா ரத்தத்தையே பாதிக்கும்.

பசை அட்டை. எட்டுக்கால் பூச்சி ஒண்ணு மாட்டுறதுக்குள்ள பல்லி பத்து மாட்டும்.

பிளக்குல சொருகுற, காதுக்குக் கேக்காத சத்தம் போடுற மெஷின். வாங்காதீங்க. அமெரிக்காவுல 2001லயே அரசு வணிக ஆணையம் இந்தக் கம்பெனிகளுக்கு, ஆதாரம் இல்லாம விளம்பரம் பண்ணாதீங்கன்னு எச்சரிக்கைக் கடிதம் அனுப்புச்சு.

புதினா எண்ணெய் பத்தி எல்லாரும் கேக்குறாங்க. 2018ல வெளிவந்த ஒரு ஆராய்ச்சில புதினா எண்ணெய் பட்ட இடத்தை சில வகை எட்டுக்கால் பூச்சி ஒதுக்கிப் போச்சு, எலுமிச்சை எண்ணெய்க்கு ஒண்ணும் ஆகலை. ஒரு பெரிய வீட்டுக்கு அதை அடிச்சுக் கட்டுப்படியாகாது, வாசம் ஒரு வாரத்துல போயிரும். படுக்கிற அறை ஜன்னல் கிராதிக்கு மட்டும் வேணும்னா பஞ்சுல நனைச்சு வைங்க, சுவத்துல படாம. பூனை இருந்தா அதுவும் வேண்டாம்.

வேப்பிலைப் புகை, சாம்பிராணி கொசுவைக் கொஞ்ச நேரம் விரட்டும். வலையில இருக்கிற பூச்சி அதுக்கெல்லாம் நகராது.

7. லைட்டை மாத்துங்க

எல்லாத்தையும் விட இதுக்குத்தான் பலன் அதிகம், ஆனா யாரும் செய்றதில்லை. எட்டுக்கால் பூச்சி உங்க வீட்டைத் தேடி வரல, உங்க வீட்டுக்கு வர்ற கொசு, ஈசல், பச்சைப் பூச்சியத் தேடி வருது. அதெல்லாம் வர்றது லைட்டுக்கு. திண்ணையில ஒரு வெள்ளை டியூப் லைட்டை ராத்திரி பூரா எரிய விட்டா அதுக்கு நீங்களே தினமும் விருந்து வைக்கிறீங்க. ராத்திரி ஒரு தடவை டார்ச்சோட போய் எந்த லைட்டுக்குப் பக்கத்துல வலை அதிகமா இருக்குன்னு பாருங்க, புரிஞ்சிரும்.

பூச்சிய இழுக்குறது நீலம் கலந்த வெள்ளை வெளிச்சம். மஞ்சள் வெளிச்சத்துக்குக் கம்மியாத்தான் வரும். எல்இடி பல்பு அட்டையில 6500 கெல்வின்னு போட்டிருந்தா அது பளீர் வெள்ளை, 2700 இல்ல 3000ன்னு போட்டிருந்தா மஞ்சள். கடையில "வார்ம் ஒயிட்"னு கேளுங்க, ஒரு பல்பு 100 ரூபாய்கிட்ட. வாசல், திண்ணை, முகப்பு, முற்றத்தைச் சுத்தி, பின்வாசல், இதை மட்டும் மாத்துனா போதும், 1,000 ரூபாய்க்குள்ள முடிஞ்சிரும். பாதுகாப்புக்கு ராத்திரி வெளிச்சம் வேணும்னா சென்சார் பல்பு போடுங்க, ஆள் நடந்தா மட்டும் எரியும். முடிஞ்சா வாசல் லைட்டை சுவத்துல வைக்காம கேட்டுப் பக்கம் கம்பத்துல வச்சு வீட்டைப் பாத்து அடிக்க விடுங்க, பூச்சி அங்கயே நின்னுரும்.

மழை விட்ட சாயங்காலம் ஈசல் கிளம்பும். அன்னைக்கு பொழுது சாஞ்சதும் ஒரு மணி நேரம் வீட்டு லைட்டை எல்லாம் அணைச்சுட்டு, வெளியில தோட்டத்துல ஒரு அகலத் தாம்பாளத்துல தண்ணி ஊத்தி அது நடுவுல ஒரு விளக்கு வைங்க. ஈசல் எல்லாம் அங்க போயி தண்ணியில விழுந்திரும். இதை எங்க ஆத்தா காலத்துலேர்ந்து செய்றோம், ஒரு பைசா செலவில்லை.

8. உள்ள வர்ற வழி

முற்றத்துக்கு மேல வலை போடணுமான்னு கேப்பாங்க. எங்க அனுபவத்துல தேவையில்லை, செலவும் அதிகம், காஞ்ச இலை விழுந்து அடைச்சிக்கிட்டு மழைத் தண்ணி சரியா இறங்காது. அதுக்குப் பதிலா முற்றத்தைப் பாத்த அறைக் கதவை எல்லாம் சாயங்காலம் விளக்கு வைக்கிறதுக்கு முன்னாடி சாத்திட்டு எட்டு மணிக்கு மேல திறங்க. படுக்கிற அறை ஜன்னலுக்கு மட்டும் ஒட்டுற டைப் நைலான் வலை, சதுர அடி 60லேர்ந்து 100 ரூபாய் வரைக்கும் சொல்வாங்க. வலையோட வர்ற ஒட்டுப் பட்டைய மரத்துல நேரா ஒட்டக் கூடாது, உரிக்கும்போது பாலிஷும் வரும். மெல்லிசா ஒரு மரச் சட்டம் செஞ்சு, வலைய அதுல ஒட்டி, சட்டத்தை ஜன்னல்ல பொருத்தச் சொல்லுங்க.

சுவத்து வெடிப்பை சிமெண்ட் வச்சு அடைக்காதீங்க. சுண்ணாம்புச் சுவத்துல சிமெண்ட் பிடிக்காது, கொஞ்ச நாள்ல பக்கத்துப் பூச்சையும் சேத்து இழுத்துக்கிட்டு விழும். சுண்ணாம்புக் கலவை போடத் தெரிஞ்ச கொத்தனார் காரைக்குடி, ஆத்தங்குடி பக்கம் இன்னும் இருக்காங்க, கூலி கூட ஆனாலும் அவங்களையே கூப்பிடுங்க.

பின்கட்டுல விறகு, கொட்டாங்குச்சி, பழைய பேப்பர் கட்டு, சாக்கு எல்லாம் சுவத்தை ஒட்டி அடுக்கியிருந்தா ஒரு அடி தள்ளி வைங்க, இல்லன்னா வெளியேத்துங்க. தேளும் அங்கதான் இருக்கும், கையுறை இல்லாம கை விடாதீங்க.

9. ரெண்டாவது தடவை

முதல் தடவை எவ்வளவு நல்லா அடிச்சாலும் கொஞ்சம் முட்டை தப்பியிருக்கும், ரெண்டு மூணு வாரத்துல பொரிஞ்சு மெல்லிசா புது நூல் தெரியும். "செலவு பண்ணியும் போகலையே"ன்னு இந்த நேரத்துலதான் எல்லாரும் மருந்தடிக்க ஆளைக் கூப்பிடுறது. கூப்பிடாதீங்க. சரியா மூணாவது வாரம் ஒரே ஆளை வச்சு அரை நாள் திரும்ப அதே ஈரத்துணிக் கம்போட மூலைங்களை மட்டும் சுத்தி வரச் சொல்லுங்க. குஞ்சு வளந்து முட்டை வைக்கிறதுக்குள்ள எடுத்துட்டா அடுத்த தலைமுறை இல்லை. இதையும் சேத்து மொதல்லயே கூலி பேசிருங்க, அப்புறமா கூப்பிட்டா ஆள் வரமாட்டாங்க.

10. கடிச்சிருச்சுன்னு நினைச்சா

நம்ம வீட்ல இருக்கிற வகை கடிக்கிறது அபூர்வம், கடிச்சாலும் சோப்புப் போட்டுக் கழுவி ஐஸ் வச்சா பெரும்பாலும் தணிஞ்சிரும். ஆனா தோல்ல கொப்பளம் வந்தாலே "எட்டுக்கால் பூச்சி ஒண்ணுக்கு அடிச்சிருச்சு"ன்னு சொல்ற வழக்கம் இருக்கு, அதுல கவனமா இருங்க. உடம்புல ஒரு பக்கமா பட்டையா எரிச்சலோட கொப்பளம் வந்தா அது அக்கியா இருக்கும், அதுக்கும் பூச்சிக்கும் சம்பந்தமே இல்லை, காவி எழுதிக்கிட்டு நாளைக் கடத்தாம மூணு நாளுக்குள்ள டாக்டர்கிட்ட போனா மருந்து நல்லா வேலை செய்யும். மழைக்காலத்துல லைட்டுக்கு வர்ற, எறும்பு மாதிரி கறுப்பும் ஆரஞ்சுமா இருக்கிற ஒரு சின்ன வண்டை கழுத்துல வச்சு நசுக்கிட்டாலும் கோடு போட்ட மாதிரி எரிஞ்சு கொப்பளிக்கும், அந்த வண்டைத் தட்டி விடாம ஊதி விடுங்க, பட்ட இடத்தை உடனே சோப்பால கழுவுங்க. முகம் வீங்குனா, மூச்சு வாங்குனா, காய்ச்சலோட புண்ணு பரவுனா 108 கூப்பிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போயிருங்க.

11. திரும்பப் பூட்டிட்டுப் போறவங்களுக்கு

வீட்டைப் பாத்துக்கிற அண்ணன்கிட்ட "அப்பப்ப பாத்துக்கோங்க"ன்னு பொதுவா சொல்லிட்டுப் போனா நடக்காது. மாசத்துல ஒரு நாள், எந்த நாள்னு குறிச்சு, எல்லாக் கதவு ஜன்னலையும் காலையில பத்து மணிலேர்ந்து நாலு மணி வரைக்கும் திறந்து வச்சு, மூலைங்களை ஒரு சுத்து அடிச்சுட்டு, ஒவ்வொரு அறையையும் ஒரு போட்டோ எடுத்து குரூப்ல போடச் சொல்லுங்க. அதுக்கு மாசச் சம்பளத்தோட தனியா 500 ரூபாய் கொடுங்க, பங்காளிகள் எல்லாரும் போட்டா ஒரு புள்ளிக்கு 50, 100தான் வரும். வெளி லைட்டை அவரு ராத்திரி வெள்ளை பல்பா மாத்திடாம இருக்க, மஞ்சள் பல்பு நாலஞ்சு கூடவே வாங்கி வச்சுட்டுப் போங்க. புரட்டாசில ஒரு தடவை நீங்க யாராவது வந்து மாடிய மட்டும் பாத்துட்டுப் போங்க, மாடிப்படி ஏறி அவங்க பெரும்பாலும் போறதில்லை.